‘போட்டுத் தள்ளணும் சார்’

வட்டாரத்தில் ஒரு கொலை விழுந்தால் போதும், உத்திரமேரூர் டீக்கடையில் அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். “இவனெல்லாம் கோர்ட்டுக்குப் போனா மூணு மாசத்துல ஜாமீன்ல வந்து நிப்பான். போட்டுத் தள்ளணும் சார்.” சொல்பவர் கொடியவர் அல்ல. நெல்லுக்கு விலை கேட்பவர், பெண்ணைக் காஞ்சிபுரம் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு அவள் வீடு திரும்பும்வரை பயந்துகொண்டிருப்பவர். அவருடைய கோபம் நியாயமானது. அதை அவர் காட்டும் இடம்தான் தவறு.

அந்த மூன்று மாதத்தையே எடுத்துக்கொள்வோம். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். ஆகாவிட்டால் ஜாமீன் கைதியின் உரிமை. கேட்டால் நீதிபதி மறுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167-ல் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 187-ஆம் பிரிவில் இருக்கிறது. அப்படி வெளியே வந்தவனை விட்டது யார்? கோப்பை முடிக்காத காவல் நிலையம். திட்டு வாங்குவது கோர்ட். அதோடு, ஜாமீன் விடுதலையும் அல்ல. வழக்கு அப்படியே நிற்கிறது.

“அப்புறம் மட்டும் தண்டிச்சுடுவாங்களாக்கும்?” என்பார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் எடுத்துக்காட்டோடுதான் கேட்பார்கள். 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள்ளேயே அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013 நவம்பர் 27-இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189 பேர். பிறழ்சாட்சியானவர்கள் 83 பேர். போலீஸிடம் சொன்னது சாட்சியம் ஆகாது, கூண்டில் ஏறிச் சொல்வதே சாட்சியம். கூண்டில் ஏறியவர் மாற்றிச் சொன்னால் நீதிபதி எதை வைத்துத் தண்டிப்பார்? நம் கோபம் கேட்க வேண்டிய கேள்வி, சாட்சிகள் ஏன் மாறுகிறார்கள் என்பது. அதைக் கேட்பது சிரமம், துப்பாக்கியைக் கேட்பது சுலபம்.

2023 டிசம்பர் 27 அதிகாலை காஞ்சிபுரத்தில் அந்தத் துப்பாக்கி வெடித்தது. முந்தைய நாள் நடந்த கொலையில் தேடப்பட்ட இருவர் இறந்தார்கள். பிடிக்கப் போன போலீஸ்காரர்களை அவர்கள் வெட்டியதால் சுட்டதாகப் போலீஸ் சொன்னது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சுட்டவர் சொல்வதை மட்டும் கேட்டு வழக்கை மூடினால், அது உண்மையா என்று எப்படித் தெரியும்?

ஹைதராபாத்தில் தெரிந்தது. 2019 டிசம்பர் 6 அன்று, ஒரு பெண்ணின் கொலை வழக்கில் கைதான நால்வரைச் சுட்டுக் கொன்ற போலீஸார் மீது மக்கள் பூத்தூவினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடேதான் சுட்டார்கள் என்றது. பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. செத்த நால்வரில் மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள் என்பதும் அதன் முடிவு. பூத்தூவியபோது அது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. கூலிக்கு வெட்டுபவன் செத்தால் அவனை அனுப்பியவனுக்குத்தான் நிம்மதி. 2024 ஜூலை 5-இல் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். ஒன்பதே நாளில், கைதாகிக் காவலில் இருந்த ஒருவரை மாதவரத்தில் போலீஸ் சுட்டது. அவர் வாயிலிருந்து இனி எந்தப் பெயரும் வராது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் வந்தபின் நம் பக்கத்து ரவுடித்தனம் நிலத்திலும் ஸ்கிராப் கான்ட்ராக்டிலும்தான் வளர்ந்தது. அதில் அரிவாள் பிடித்தவன் கடைசி ஆள். அவனுக்கு முன்னால் இருப்பவர்கள் குறுக்கு விசாரணைக்குத்தான் பயப்படுவார்கள், என்கவுன்ட்டருக்கு அல்ல.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி நாம் பெருமை பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் பொறித்த குடவோலைத் தேர்தல் விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. அதிகாரம் கையில் இருந்தவர் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எழுதிவைத்த ஊர் இது. தோட்டாவுக்கு மட்டும் கணக்கு வேண்டாம் என்கிறோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் கேட்டதும் அந்தக் கணக்கைத்தான்: ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் முதல் தகவல் அறிக்கை, வேறு காவல் நிலையமோ சிஐடியோ நடத்தும் புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை. சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்றும் சொன்னது.

சாட்சிக்கும் வழி இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், மிரட்டலின் அளவைப் பார்த்துப் போலீஸ் காவல் முதல் தற்காலிக இடமாற்றம் வரை தரலாம். வட்டாரத்து ரவுடிகளின் பட்டப்பெயரெல்லாம் நமக்கு மனப்பாடம். இப்படி ஒரு குழு இருப்பதை எந்தக் கிராம சபையிலாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?