புற்றுநோய்: மருந்தைவிட மலைப்பாதைக்கே செலவு அதிகம்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் முதலில் எழும் கேள்வி, "பிழைத்துக் கொள்வாரா?" என்பதுதான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் உடனே இன்னொரு கேள்வியும் வருகிறது: "கூட யார் போவது?"

தானா ராத்தாவில் இருப்பது மாவட்ட மருத்துவமனை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். நாம் பகாங்கில் இருந்தாலும் குவாந்தானைவிட ஈப்போதான் பக்கம். அந்தப் பக்கமும் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைக் காண 5 ரிங்கிட். அதனால் செலவு பெரிதாக இருக்காது என்று பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மார்பகப் புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் என்று 3 முதல் 5 வாரம் வரை நடக்கும். 25 நாள் என்று வைத்துக் கொள்வோம். தாய்க்குத் துணையாக மகள் வேலைக்குப் போகாமல் இருக்கிறார். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் 6 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். 25 நாளில் அவர் இழப்பது 1,634 ரிங்கிட். பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இதற்கு மேல்.

உதவி இல்லாமல் இல்லை. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட்டும் தருகிறது. இரண்டையும் கூட்டினால் 1,500. மகளின் சம்பள இழப்புக்கே அது போதாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் புளூ வேலியில் இருந்து இறங்கி வருபவருக்கும் அதே 500 வெள்ளி உச்சவரம்புதான்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நோயாளிக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் விடுப்பும் தருகிறது. துணைக்குப் போகும் பிள்ளைக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை.

இதன் விலை தாமதம். உடலில் கட்டி தென்பட்டும் "தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிப் போடுவதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பரிசோதனைக்குப் போகும் ஒரு நாள், ஒரு நாள் கூலியை விழுங்கும் நாள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்படுவோர் 2012-2016-இல் 63.7 விழுக்காடு, 2017-2021-இல் அது 65.1 விழுக்காடாகக் கூடியது. 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்டவர்களைப் பற்றிய சுகாதார அமைச்சின் ஆய்வில், முதல் கட்ட மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் 23.3 மட்டுமே.

குடும்பங்கள் உடனே செய்யக்கூடியவை உண்டு. சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைப் பார்த்து, பெக்கா பி40 பற்றிக் கேளுங்கள். நோயாளி 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட சொக்சோ சந்தாதாரராக இருந்து, இனி வேலை செய்ய முடியாத நிலை என்றால், இலாட் ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். சேமநிதி வாரியத்தில் பிள்ளைகள் தங்கள் சேமிப்பிலிருந்து பெற்றோரின் சிகிச்சைக்குப் பணம் எடுக்கவும் வழி உண்டு. 40 வயதைத் தொட்ட சந்தாதாரர்களுக்குச் சொக்சோ பரிசோதனைப் பற்றுச்சீட்டும் தந்துள்ளது. பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரே அதில் அடங்கும்.

மற்றவை நம் கையில் இல்லை. போக்குவரத்து உதவியைத் தூரத்திற்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். துணைக்குப் போகிறவருக்குச் சில நாட்களாவது சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். பரிசோதனை வாகனம் தோட்டத்திற்கே வர வேண்டும். தேர்தல் காலத்தில் நம் லயங்களைத் தேடி மலையேறி வரும் தலைவர்களிடம் இந்த மூன்றையும் கேட்போம்.