வந்து போகும் துணையாசிரியர்

விழா மலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபைக் குறைகூற நாம் வரவில்லை. கட்டடங்களைப் பற்றியும், வென்ற கிண்ணங்களைப் பற்றியும், ஓய்வுபெற்ற அதிபர்மாரின் அருந்தொண்டைப் பற்றியும் எழுதுதற்கு அன்பர்கள் பலர் இருக்கின்றனர். நாமோ, பழைய மாணவர் நால்வர் கூடுமிடத்தில் அடிக்கடி எழும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்கின்றோம். "வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் ஒன்றின் வழியாக ஓர் ஆங்கிலத் துணையாசிரியரை வருவித்துவிட்டால் நம் பிள்ளைகளின் ஆங்கிலம் சீர்பட்டுவிடும்" என்பதே அப்பேச்சு. இது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஆராய்தல் நன்று.

அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில், கித்துல்கலையைக் கடந்தபின், மலைநாட்டின் வாயிலாக அமைந்த ஊர் கினிகத்தேனை. தீப்பற்றிய சேனை என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். பெயரிலே தீ இருப்பினும் ஊரிலே நிறைந்திருப்பது மழையே. அயலிலுள்ள வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. இவ்வூர்க் கடைத்தெருவுக்கு அரிசியும் பருப்பும் வாங்க வரும் தோட்டத்துப் பிள்ளை, எந்தப் புத்தகத்தையும் விரிக்காமலே சிங்களம் பேசக் கற்றுக்கொள்கின்றது. பிழையாகப் பேசினும் கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிடுகின்றார். அடுத்த முறை பிள்ளை சற்றுத் திருத்தமாகப் பேசுகின்றது. ஆங்கிலத்துக்கு அத்தகைய கடைத்தெரு மலைநாட்டில் இல்லை. நமது இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஆங்கிலம் தோட்டத்துக்குப் புதிய மொழியன்று. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அந்நாள்தொட்டு ஆங்கிலம் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்து வருகின்றது. செக்ரோல், பெக்டரி, டிவிசன், கண்டக்டர், டீமேக்கர் என்று, கொழுந்தெடுக்கும் மூதாட்டியும் நாள்தோறும் ஆங்கிலச் சொற்களைப் பேசுகின்றாள். ஆயினும் அவற்றை வாசிக்கவோ எழுதவோ அவளுக்குக் கற்பித்தவர் இலர். ஆங்கிலம் துரையின் கட்டளையாக வந்தது, பாடமாக வரவில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பின்னரே. அந்த இடைக்காலத்தில் கடந்துபோன தலைமுறையின் இழப்பை யார் ஈடுசெய்ய வல்லார்? தடைகளைத் தாண்டி மேலெழுந்தோரும் உளர். மடகும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதி உலகறியச் செய்தார். கட்டளையாகக் கேட்ட மொழி ஒருவருக்குக் கல்வியாகக் கிடைத்தபோது விளைந்த பயன் அது.

நிற்க. துணையாசிரியர் திட்டம் என்பது யாது? ஒரு நாட்டு இளைஞரை மற்றொரு நாட்டுப் பாடசாலைக்கு மொழித்துணையாக அனுப்பும் வழக்கம் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1905இல் தொடங்கியது. அமெரிக்கச் செனற்சபை உறுப்பினர் வில்லியம் புல்பிறைற் கொண்டுவந்த சட்டம் 1946இல் நிறைவேறியது. உலகப் போரில் மிஞ்சிப் பிறநாடுகளிற் கிடந்த அமெரிக்கப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு கல்விப் பரிமாற்றம் நடத்துவதே அதன் முதல் நோக்கம். போர்த் தளவாடம் புத்தகமாக மாறியது என்று இதனைச் சொல்லலாம். அப்பரிமாற்றத்துக்கான ஒப்பந்தத்தில் இலங்கை 1952இல் இணைந்தது. அதன் ஒரு கிளையே ஆங்கிலத் துணையாசிரியர் திட்டம். இளம் அமெரிக்கப் பட்டதாரி ஒருவர் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு பிறநாட்டில் தங்கி, அந்நாட்டு ஆங்கில ஆசிரியருக்கு வகுப்பறையில் துணைபுரிவார். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. பிறந்ததுமுதல் ஆங்கிலம் பேசி வளர்ந்தமையே அவர் கொண்டுவரும் முதற்பொருள்.

அம்முதற்பொருளை நாம் சிறிதாக எண்ணுதல் கூடாது. மழைபெய்யும் ஒரு காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். தகரக் கூரையின் இரைச்சலிடையே எட்டாம் வகுப்பு. புதிதாக வந்த துணையாசிரியை, "நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்திற் கேட்கின்றார். தமிழிலே விடை சொன்னால் அவருக்கு விளங்காது. ஆகவே பிள்ளை தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களையாவது கோத்துப் பேசியே ஆகவேண்டும். நாம் இல்லையென்று வருந்திய கடைத்தெரு அங்கே திறக்கின்றது. மாலையில் அதே துணையாசிரியை லயத்து வாசலில் நின்று, "ரொட்டி", "சம்பல்" என்று உச்சரிக்க முயன்று தடுமாறுகின்றார். பிள்ளைகள் சிரிக்கின்றனர், அவரும் சிரிக்கின்றார். கற்றவர் ஒருவர் பிழைவிட்டு வெட்கப்படாமல் நிற்பதைக் கண்ட பிள்ளை, மறுநாள் வகுப்பில் பிழைவிட அஞ்சுவதில்லை. நம் மாணவரின் வாயைப் பூட்டி வைத்திருப்பது அறியாமையினும் அச்சமே என்பதை ஆசிரியராய் இருந்த எவரும் ஒப்புக்கொள்வர். அவ்வச்சத்தைப் போக்குவதே துணையாசிரியரால் ஆகும் தலையாய நன்மை.

அந்நியர் வருகையால் நம் சமயமும் பண்பாடும் தளரும் என்று அஞ்சுவோர் சிலர் உளர். இந்துக் கல்லூரிகளில் கற்றவர்கள் அவ்வாறு அஞ்சுதற்குக் காரணம் இல்லை. ஆறுமுகநாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பின்னர் 1848இல் விலகி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அந்நியரிடம் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, சொந்த வீட்டில் விளக்கேற்றினார். அம்முயற்சியின் வழிவந்தவையே ஆங்கிலமும் சைவமும் ஒருங்கே புகட்டிய நமது இந்துக் கல்லூரிகள்.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. துணையாசிரியர் வந்ததும், "அங்கேதான் வெள்ளைக்கார ஆசிரியர் இருக்கின்றாரே" என்று சொல்லி, ஆங்கில ஆசிரியரின் வெற்றிடத்தை நிரப்பாமல் விடுதல் மிக எளிது. பரிசளிப்பு விழாவிலே அவரை மேடையில் இருத்தி மாலை சூட்டுதலும், புகைப்படம் எடுத்து வைத்தலும் எளிது. ஆண்டு முடிய அவர் விடைபெறுகின்றார். பிள்ளைகள் கண்ணீர் விடுகின்றனர். அடுத்த தவணையில் ஆங்கிலப் பாடவேளை மீண்டும் வெறும் பாடவேளையாகின்றது. துணை என்ற சொல்லே ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார் என்பதைக் குறிக்கின்றது. ஆசிரியர் இல்லாதவிடத்துத் துணையாசிரியர் எவருக்குத் துணையாவார்?

வந்து போவோரை நம்பியிருத்தலின் நிலையாமையை நம் நாட்டு வரலாறே காட்டும். அமெரிக்கச் சமாதானப் படையினர் 1962இல் இலங்கைக்கு வந்து கற்பித்தனர், 1964இற் சென்றுவிட்டனர். 1967இல் மீண்டும் வந்து 1970இற் சென்றனர். 1983இல் மூன்றாம் முறை வந்து, உள்நாட்டுப் போர்ச் சூழலில் 1998இல் விடைபெற்றனர். அவ்விளைஞரின் தொண்டைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. அவர்களின் வரவும் செலவும் இரு நாட்டு அரசியலின் கையில் இருந்தன என்பதையே சொல்கின்றோம். புல்பிறைற் திட்டமும் இதற்கு விலக்கன்று. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அதனை மேற்பார்க்கும் அமெரிக்கச் சபையின் உறுப்பினர் ஏறக்குறைய அனைவரும், தெரிவில் அரசியல் தலையிட்டதாகக் கூறிப் பதவி விலகினர். வாசிங்டனில் வீசும் காற்றுக்குக் கினிகத்தேனைப் பிள்ளையின் பாடப்புத்தகம் மூடிக்கொள்வதை நாம் ஏற்கலாமா?

வெளியுதவியால் நிலைத்த பயன் விளைந்த இடங்களும் உள. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். 1873இல் அவர் நாடு திரும்பியபோது, அவர் பயிற்றிய வைத்தியர்கள் நம்மிடையே நின்றனர். நம் மலைநாட்டிலும், கொட்டகலைப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. உதவி செய்தோர் சென்ற பின்னும் அங்கே ஆசிரியர்கள் உருவாகின்றனர். தமக்குப்பின் ஓர் ஆசிரியரை விட்டுச்செல்லும் உதவியே உதவி.

ஆகவே துணையாசிரியர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வரவேற்கும் முறையைக் கூறுகின்றோம். முதலாவதாக, நிரந்தர ஆங்கில ஆசிரியர் உள்ள பாடசாலைக்கே துணையாசிரியரைக் கேட்டல் வேண்டும். இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரையே கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, இருவரும் ஒரே வகுப்பில் ஒருங்கு நின்று கற்பித்தல் வேண்டும். 1987இல் யப்பான் தொடங்கிய திட்டத்தில் அந்நாட்டு ஆசிரியரும் வெளிநாட்டுத் துணையாசிரியரும் இணைந்து கற்பிக்கும் முறை வகுக்கப்பட்டது. அம்முறை நமக்கும் பொருந்தும். பிள்ளைகளிலும் பார்க்க அவர்களின் ஆசிரியரே அவ்வோராண்டில் அதிகம் பேசிப் பழகிப் பயனடைதல் வேண்டும். ஏனெனில் பின்வரும் இருபது ஆண்டுக்கு வகுப்பறையில் நிற்கப்போகின்றவர் அவரே. மூன்றாவதாக, வருகின்றவரைப் பட்டினத்துப் பெருங்கல்லூரிகளிலே நிறுத்திக்கொள்ளாமல், மலைச்சரிவில் உள்ள சிறு பாடசாலைகளுக்கும் வாரத்தில் சில நாள் அனுப்புதல் வேண்டும்.

இனி, பரிமாற்றம் என்ற சொல்லின் மறுபாதியை நோக்குவோம். பரிமாற்றம் என்றால் வருதலோடு போதலும் உண்டு. பல நாட்டு இளம் ஆங்கில ஆசிரியர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்து, தத்தம் தாய்மொழியை அங்குள்ள மாணவருக்குக் கற்பிக்கச் செய்வதும், உடன் தாமும் பாடங்களைப் பயிலச் செய்வதும் புல்பிறைற் திட்டத்தின் மற்றொரு கிளை. லயத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து ஆசிரியையான ஒருத்தி அத்தகைய இடத்தில் நின்று தமிழ் கற்பிப்பதை நினைக்கும்போதே நம் உள்ளம் பூரிக்கின்றது. இத்தகைய வாயில்கள் திறக்கும் ஆண்டுகளில் அச்செய்தி கொழும்பிலே அறியப்படுகின்றது. மலைக்கு வந்து சேர்வதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிடுகின்றது. இத்தடையை நீக்குவதற்கு அரசு வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கம் போதும். அறிவித்தலைக் கவனித்துச் சொல்ல ஒருவர், விண்ணப்பத்தைத் திருத்திக்கொடுக்க ஒருவர், நேர்முகத் தேர்வுக்குப் பயணச்செலவு கொடுக்க ஒரு சிறுநிதி, இவ்வளவே வேண்டுவது.

போனவர் திரும்புவாரா என்று கேட்பீர்கள். அரசு நிதியில் அத்தகைய பரிமாற்றத்துக்குச் செல்வோர், அமெரிக்காவிற் குடியேறும் உரிமை நாடுவதற்குமுன் இரண்டாண்டு தம் நாட்டில் வாழ்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சட்டம் இரண்டாண்டைத் தரும். அதற்கு மேலும் அவர் இங்கே நிற்பதும் நில்லாததும், அவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பையும் பணியிடத்தையும் பொறுத்தவை.

பழைய மாணவ அன்பர்களே! நம்முள் ஆங்கிலம் நன்கு பேசுவோர் பலர். ஓய்வுபெற்றோரும் பலர். மாதத்தில் இரு சனிக்கிழமை ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்று பிள்ளைகளோடு ஆங்கிலத்திற் பேசினால், நாமே உதவித்தொகை வேண்டாத துணையாசிரியர் ஆவோம். கடல்கடந்து ஒருவர் வரும்வரை நாம் ஏன் கைகட்டி இருத்தல் வேண்டும்? மேற்கூறிய பயண நிதியையும் இச்சனிக்கிழமை வகுப்பையும் நமது சங்கம் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாயின், விழா கொண்டாடியதன் பயன் மலையுச்சிப் பாடசாலை வரை சென்றடையும்.