பழைய கோவாவின் 'பெரிய வீடு': யாருடைய சிறை, யாருடைய கண்ணீர்?

கோவாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடற்கரைகளைப் பார்த்துவிட்டு, பழைய கோவாவுக்கும் ஒரு நடை போய் வருவார்கள். ஒரு பக்கம் சே கதீட்ரல். எதிர்ப்பக்கம் பிரான்சிஸ் சேவியரின் உடல் வைக்கப்பட்டுள்ள பாம் ஜீசஸ் தேவாலயம். 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. கதீட்ரலை அடுத்த சதுக்கத்தில்தான் ஒரு காலத்தில் 'ஓர்லெம் கோர்' நின்றது. கொங்கணியில் 'பெரிய வீடு' என்று பொருள். அதன் உண்மையான பெயரை உரக்கச் சொல்லவே மக்கள் அஞ்சினார்கள். அது போர்ச்சுகீசியரின் மத விசாரணை மன்றம், அதாவது இன்குவிசிஷன். 1560இல் தொடங்கி, இடையில் 1774 முதல் 1778 வரை மட்டும் நிறுத்தப்பட்டு, 1812 வரை நடந்தது.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர் அல்லர். அது பீஜப்பூரின் ஆதில் ஷாக்களின் அரண்மனை. 1510இல் அல்புகெர்க் கோவாவைப் பிடித்தபோது நகரின் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பிடிபட்டவர்களைப் பள்ளிவாசலுக்குள் அடைத்துத் தீ வைத்ததை அவரே தம் மன்னருக்குக் கடிதமாக எழுதினார். பறிக்கப்பட்ட அரண்மனை முதலில் ஆளுநர்களின் இல்லமானது, பிறகு சிறையானது.

உள்ளே நடந்ததை சார்ல்ஸ் டெலோன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் நூல் வழியாக உலகம் அறிந்தது. அவர் 1670களில் அங்கே அடைபட்டு, 1687இல் அதை வெளியிட்டார். என்ன குற்றம் என்று கைதிக்குச் சொல்ல மாட்டார்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதும் ரகசியம். தன் குற்றத்தைத் தானே ஊகித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அறையில் வாய்விட்டு அழுதாலும் தண்டனை. (விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும் நம் கைதிகளின் நினைவு வராமல் இதைப் படிக்க முடியவில்லை.)

இனி, பலர் சொல்லாமல் விடும் விஷயத்துக்கு வருவோம். இந்த மன்றத்தின் முதன்மையான அதிகாரம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மீதுதான். ஆரம்பத்தில் குறிவைக்கப்பட்டவர்கள், மதம் மாறியும் ரகசியமாக யூதர்களாக வாழ்வதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள். புகழ்பெற்ற மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய சகோதரி எரிக்கப்பட்டார். 1580இல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். பின்னாளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் இந்து சமயத்திலிருந்து மாறிய உள்ளூர்க் கிறித்தவர்கள். உப்பில்லாமல் சோறு வடிப்பதையும் வீட்டில் துளசி வளர்ப்பதையும் கூட 1736ஆம் ஆண்டு ஆணை தடை செய்தது! மதம் மாற்றப்பட்டு, மீண்டும் இஸ்லாத்தைப் பின்பற்றியதாகப் பிடிபட்டவர்களும் உண்டு. மன்றத்துக்கு வெளியே இருந்த இந்துக்களும் முஸ்லிம்களும் வழிபாட்டுத் தடைகளால் நசுக்கப்பட்டனர். மொத்தம் 16,000க்கும் அதிகமான வழக்குகள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஆக, அந்தச் சிறையில் வாடியவர்களின் வாரிசுகள் யார்? இன்றைய கோவா கத்தோலிக்கர்களும்தான். ஆனால் அவர்களைத்தான் இன்று கூண்டில் நிறுத்தப் பார்க்கிறார்கள். போர்ச்சுகீசியர் இடித்த கோயில்களைச் சீரமைக்க 2022 பட்ஜெட்டில் கோவா அரசு 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. இடிக்கப்பட்டது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கோவாவின் முன்னாள் ஆர்.எஸ்.எஸ். தலைவர், சேவியரின் உடலுக்கு மரபணுச் சோதனை வேண்டும் என்றார். மாநிலமே கொந்தளித்தது. இன்குவிசிஷன் வேண்டும் என்று 1546இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவர் சேவியர்தான். இதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக 2024இல் மெழுகுவத்தி ஏற்றும் கொங்கணி மீனவப் பெண் என்ன பதில் சொல்வாள்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ஔரங்கசீப்பின் கணக்கை நம் பிள்ளைகளிடம் கேட்கிறார்களே, அதே சூத்திரம்தான். கோவாவின் வரலாற்றில் நமக்கும் ரணம் உண்டு. போர்ச்சுகீசியரைக் கடலில் திணறடித்த நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் தலை 1600இல் இந்த நகரில்தான் வெட்டப்பட்டது. அதைக் காட்டி நாம் கிறித்தவ அண்டை வீட்டாரிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

அங்கே ஒரு நினைவிடம் அமையட்டும், நாமும் வரவேற்போம். அதில் யூதர், கிறித்தவர், இந்து, முஸ்லிம் என எல்லாருடைய துயரமும் எழுதப்பட வேண்டும். 1510ஐ விட்டுவிட்டு 1560இலிருந்து கதை தொடங்கக் கூடாது. சான்றுகளைத் திரட்டுவது எளிதல்ல. மன்றம் மூடப்பட்ட பின் அதன் ஆவணங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. கட்டடமும் இடிக்கப்பட்டு, மிச்சமிருந்த கற்குவியலை 1859இல் சேவியரின் உடல் தரிசனத்துக்காக அப்புறப்படுத்திவிட்டார்கள்.

ஆதில் ஷா காலத்தின் ஒரு வாசல் மட்டும் புனித கஜேத்தான் தேவாலயத்தின் அருகே தனியாக நிற்கிறது. கருங்கல் தூண்களில் கோயில் பாணிச் செதுக்கல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பெரிய வீடு நின்ற இடத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.