யார் கையில் எந்தக் கருவி?

நுழையும்முன்

இசைக்கருவி பயிலத் தொடங்கும் குழந்தைக்குக் கருவியைத் தேர்ந்து தருபவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. உயரம், விலை, குடும்ப வழக்கம், ஆண் பெண் என்னும் வேறுபாடு எனப் பலவும் அத்தேர்வில் கலந்துவிடுகின்றன. குழந்தையின் செவியும் விருப்பமும் கடைசியில் நிற்கின்றன. இந்நிலை மாற வேண்டும் என்பதையும், அம்மாற்றத்தைப் பள்ளியே தொடங்க முடியும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விடுதலை நாள், குடியரசு நாள் விழாக்களில் பள்ளி இசைக்குழு முன்னே செல்ல, மாணவர்கள் அணிவகுத்து வருவது தமிழ்நாட்டில் பழகிய காட்சியாகும். பெருமுரசும் சிறுமுரசுகளும் நடைக்குத் தாளம் தருகின்றன. குழலும் பியூகிளும் அத்தாளத்தின்மேல் பண்ணை ஏற்றுகின்றன. காண்போர் நடையின் ஒழுங்கைப் போற்றுகின்றனர். பெருமுரசு அந்த மாணவனின் தோளுக்கு எவ்வாறு வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், ‘வகுப்பில் அவன்தான் உயரமானவன்’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அவன் குழலை விரும்பினானா என்பது எவருக்கும் தெரியாது. ஒருவேளை அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஏனெனில், குழல் ஒருநாளும் அவன் கைக்கு வந்ததில்லை.

சிறிய செய்திபோல் தோன்றும் இதில் பெரிய வினா ஒன்று அடங்கியுள்ளது. ஒரு கருவிக்குரிய குழந்தையை முடிவு செய்வது எது?

உடலும் கருவியும்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளைத் தமிழர் நான்காக வகுத்தனர். ஒவ்வொரு வகையும் பயில்வோரிடம் வெவ்வேறு திறனை வேண்டுகிறது. துளைக்கருவி மூச்சையும் இதழையும் நம்பி வாழ்வது. பால்பற்கள் விழுந்து முன்பற்கள் முளைக்கும் பருவத்தில் நாகசுரத்தின் சீவாளியையோ கிளாரினெட்டையோ வாயில் பொருத்துவது குழந்தைக்குக் கடினம். புல்லாங்குழலின் துளைகளைச் சிறுவிரல்கள் முழுமையாக மூடாவிட்டால் ஒலி பிசிறும். நீளம் குறைந்த குழலில் தொடங்கினால் அவ்விடர் நீங்கும். வயலினும் கால், அரை, முக்கால், முழு என்னும் அளவுகளில் கிடைக்கிறது. குழந்தையின் கை நீளத்திற்கேற்ப அதனைத் தேர்ந்து கொள்ளலாம்.

கருவிகள் கேட்கும் பொறுமையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மின்விசைப் பலகையில் கட்டையை அழுத்திய கணமே சரியான சுரம் ஒலிக்கும். வீணையில் இருபத்து நான்கு மெட்டுகள் விரலுக்கு வழிகாட்டும். வயலினில் மெட்டு இல்லை. சுரம் நிற்கும் இடத்தைச் செவியே கண்டறிய வேண்டும். தொடக்க மாதங்களில் வயலின் எழுப்பும் கீச்சொலியைக் கேட்டு, ‘இவனுக்கு இசை வராது’ என முடிவு கட்டும் வீடுகள் உண்டு. குறை குழந்தையிடம் இல்லை. அக்கருவி கேட்கும் காலத்தைப் பெரியவர்கள் தர மறுப்பதே குறை. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற பின்னரே அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அவளோடு அரங்கில் அமர்ந்த குழலோன், யாழாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் அந்நூல் தனித்தனியே விரித்துரைக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் அதற்குரிய திறன் உண்டு என்பதைப் பழந்தமிழர் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

உடலைக் கருதிக் கருவியைத் தேர்வது அறிவுடைமை. ஆயினும், தேர்வு அதோடு நின்றுவிடக் கூடாது. உடல் வளரும், விரல் நீளும், பல் முளைக்கும். ஒலியின்மீது ஒரு குழந்தைக்கு உண்டாகும் விருப்பத்தை வெளியிலிருந்து எவரும் ஊட்ட இயலாது.

செவி தேர்ந்த கருவிகள்

இன்று தென்னிந்திய இசைமேடையில் வயலின் இல்லாத கச்சேரி அரிது. ஆனால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது அயல்நாட்டுக் கருவியாகவே கருதப்பட்டது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைத் தென்னிந்திய இசைக்கு உரியதாக்கினார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் மேலை இசைக்குழு ஒன்றைப் பேணினார். இத்தகைய இசைக்குழுக்கள் வழியாகவே கிளாரினெட் முதலான கருவிகளும் தென்னாட்டுச் செவிகளுக்கு அறிமுகமாயின. நாகசுரமும் பயின்ற திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜன், கிளாரினெட்டைத் தனிக்கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தினார். 2022ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் நாகசுரக் கலைஞரின் மகன். மைசூரு அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோன் ஒலித்ததைக் கேட்ட அவர், அக்கருவியையே தமக்குரியதாகக் கொண்டார். மேலை இசைக்கென உருவான அதில் கமகங்களை வாசிக்கப் பல்லாண்டுகள் உழைத்தார். ஆந்திர மாநிலத்துப் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், தந்தையின் மாண்டலினை ஆறு வயதில் கையிலெடுத்தார். அதன் பெயரே பின்னர் அவருடைய பெயருக்கு முன்னொட்டாயிற்று.

இவர்கள் அனைவரும் மேதைகள். எல்லாக் குழந்தைகளும் அவ்வாறு ஆவதில்லை என்பர் சிலர். உண்மையே. ஆயினும், இவ்வாழ்க்கைகள் காட்டும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. கருவியின் ஒலி முதலில் அவர்கள் செவியை எட்டியது. கருவி அவர்கள் கைக்கும் வந்தது. அவ்விரு வாய்ப்புகளும் அமையாதிருந்தால் மேதைமை எங்கே தங்கியிருக்கும்?

கருவியைச் சூழ்ந்த வேலிகள்

பறை ஒருகாலத்தில் எல்லா நிலத்துக்கும் உரியதாக இருந்தது. ஐந்திணைக்குரிய கருப்பொருள்களில் யாழுக்கும் பறைக்கும் தனித்தனி இடம் உண்டு. பின்வந்த சமூகமோ கருவிகளைப் பிறப்போடு பிணைத்தது. ஒரு கருவியை உயர்ந்ததென்றும் மற்றொன்றை இழிந்ததென்றும் பிரித்தது. பறையடிப்போர் வீட்டுக் குழந்தைக்கு அக்கருவி விருப்பத்தால் வரவில்லை, கட்டாயமாக வந்தது. பிறர் வீட்டுக் குழந்தைக்கு அது தீண்டக் கூடாததாயிற்று. இருவருக்குமே தேர்வு மறுக்கப்பட்டது. ஆனால், அதனால் விளைந்த இழிவை ஒருவரே சுமந்தார். இன்று பல பள்ளி, கல்லூரி மேடைகளில் பறை முழங்குகிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. எனினும், விழா மேடையில் பறைக்குக் கைதட்டும் பெற்றோர், அதனைத் தம் மகள் பயில விரும்பினால் தயங்காமல் ஒப்புவார்களா என்பதே உண்மையான சோதனை.

பெண்ணுக்கு வீணை, ஆணுக்குத் தவில் என்னும் எண்ணமும் இத்தகைய வேலியே. ஆண்களுக்குரியதாகக் கருதப்பட்ட நாகசுரத்தை வாசித்துப் புகழ்பெற்றார் மதுரை எம். எஸ். பொன்னுத்தாய். வயலின் பயிலச் சென்ற சுகன்யா ராம்கோபால், அப்பள்ளியில் கேட்ட தாள ஒலியால் ஈர்க்கப்பட்டு மிருதங்கத்தையும், அதன்பின் கடத்தையும் நாடினார். பெண்ணின் விரல்களுக்குக் கடம் கடினமாகும் என்ற தயக்கம் எழுந்தபோது, ஆசிரியர் ஹரிஹர சர்மா அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். ஆசிரியர் ஒருவர் திறந்த கதவு, கடக்கலைஞர் ஒருவரை நாட்டுக்குத் தந்தது.

குடும்ப மரபு தீயதன்று. பிறந்த நாள்முதல் நாகசுர ஒலியில் வளரும் குழந்தை பெறும் செவிப்பயிற்சியை எப்பாடத்திட்டமும் எளிதில் தர இயலாது. அம்மரபுகளே பல நூற்றாண்டுகளாக இக்கலைகளைக் காத்துள்ளன. மரபு வழியாக நின்றால் நன்று. சுவராக நிற்பதே தீது. ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, இசுலாமியராக இருந்தும் நாகசுர மரபில் தலைசிறந்தவராகப் போற்றப்பட்டது இதற்குச் சான்று.

எழும் ஐயங்கள்

குழந்தையின் விருப்பம் நாளுக்கு நாள் மாறும். அதனை நம்பிக் கருவி வாங்கினால் பொருள் வீணாகும் என்பது பெற்றோர் பலரின் ஐயம். இதில் நியாயம் உண்டு. அவ்வாறாயின், முதலாண்டில் கருவியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரவல் பெற்றோ பள்ளியில் உள்ளதைப் பயன்படுத்தியோ பழகலாம். அந்த ஓராண்டில் கருவியை மாற்றுவது தோல்வியன்று, அது தேடல். தேர்ந்த பின்னர்ச் சோர்வு வரும்போது விடாது பயிலத் தூண்டுவது பெரியவர்களின் கடமை. தானே விரும்பி ஏற்றதைக் காத்துக்கொள்ளும் உறுதி குழந்தைக்கு எளிதில் உண்டாகும். பிறர் திணித்ததைக் கைவிடவே அது வழி தேடும்.

இசைப்பயிற்சி படிப்புக்கு இடையூறாகும் என்பது மற்றோர் ஐயம். நாள்தோறும் அரைமணி நேரம் ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் மாணவர், பிழையைத் தாமே கேட்டுத் திருத்தப் பழகுகிறார். குழுவில் வாசிக்கும்போது பிறர் ஒலிக்குச் செவிகொடுத்துத் தம் ஒலியை அடக்கவும் கற்கிறார். இவ்விரு பழக்கங்களும் எப்படிப்புக்கும் பகையாகா.

பள்ளியின் கடமை

எல்லாக் கருவிகளையும் வாங்கி வைக்க எந்த வீட்டாலும் இயலாது. பள்ளியால் இயலும். ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு பறை, ஓர் இணைத் தாளம் ஆகியவை இருந்தாலே நால்வகைக் கருவிகளும் மாணவர்முன் வந்துவிடும். ஆறாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவம் இவற்றைத் தொட்டு, ஒலித்து, கேட்டுப் பழகட்டும். அதன் பின்னரே எவருக்கு எது என்பதை முடிவு செய்யலாம். அணிவகுப்புக் குழுவில் முரசை ஏற்பவரும் அதனை விரும்பியே ஏற்பார்.

இதற்கு உதவும் ஏற்பாடுகள் மாநிலத்தில் உள்ளன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அப்பள்ளி ஆசிரியர்களையும் ஊரில் வாழும் நாட்டுப்புறக் கலைஞர்களையும் ஆண்டுக்குச் சிலமுறை அழைத்து வாசிக்கச் செய்தால், ஒலிபெருக்கியில் மட்டுமே இசை கேட்ட குழந்தைகள் கருவியின் நேரொலியைக் கேட்பர். 2022-23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத்திருவிழாவில் கருவியிசைக்கும் இடம் உண்டு. வீட்டில் கருவி வைத்திருப்போர் மட்டும் போட்டியிடும் நிலை நீங்க வேண்டுமாயின், கருவி பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் பலருக்கு இளைய உடன்பிறப்புகள் இருப்பர். சில ஆண்டுகளில் அவர்களே பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஆவர். அன்று ஒரு குழந்தை ஒரு கருவியைச் சுட்டிக்காட்டி ‘இது வேண்டும்’ என்று கேட்கும். அது பெண்ணுக்கு ஆகாது, நம் குடும்பத்துக்கு ஆகாது, உன் உயரத்துக்கு ஆகாது என்னும் விடைகள் எளிதில் நாவில் எழும். அவற்றை அடக்கிவிட்டு, அக்கருவியைக் குழந்தையின் கையில் தந்து, அது எழுப்பும் முதல் ஒலியைப் பொறுமையுடன் கேட்பதே செய்யத்தக்கது.