உதட்டுக் கொப்புளமும் அதற்கு முந்தைய குறுகுறுப்பும்

உதட்டோரத்தில் கொத்தாக எழும் நீர்க்கொப்புளத்திற்குத் திக்லிபூரில் ஒரே தெருவிலேயே பல பெயர்கள் உண்டு. வங்காளக் குடும்பத்தினர் 'ஜ்வர்டோசா' என்பர். காய்ச்சலோடு தோன்றும் கொப்புளம் என்பது பொருள். இந்தி பேசுவோர் சிலர் இரவில் சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது என்பர். தமிழரோ அக்கி என்பர்; பூச்சி எச்சமிட்டது என்பாரும் உளர். 'குளிர் புண்' என்னும் அண்மைக்கால மொழிபெயர்ப்பு இவை எல்லாவற்றினும் மோசமானது. ஆங்கிலப் பெயர் சுட்டுவது சளியையேயன்றிக் குளிரையன்று.

இப்பெயர்கள் வெறும் வழக்குகளல்ல. எப்போது, எதனைக் கொண்டு மருத்துவம் செய்வது என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. எச்சம் என்று நம்புபவர் கழுவித் துடைப்பார். அக்கி என்று நம்புபவர் செங்காவி பூசி எழுதுவிப்பார். குயவர் மரபினர் அக்கி எழுதும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் மறையவில்லை. இக்கொப்புளம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் தானே ஆறிவிடுவதால், எதைப் பூசினாலும் புகழ் பூச்சுக்கே சேர்கிறது. தவிர, பெரும்பாலும் அக்கி எனப்படுவது வேறொரு வைரசால் உடம்பில் பட்டையாக எழுவது. உதட்டில் எழுவது எளிய ஹெர்பிஸ் முதல் வகை. 'ஹெர்பிஸ்' என்ற சொல் மருந்துச் சீட்டில் இருந்தாலே பலர் நாணி மறைக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 50 வயதுக்குட்பட்ட மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வைரசைச் சுமக்கின்றனர். இதில் நாணுதற்கு என்ன இருக்கிறது?

மருந்துக் கடையில் கிடைப்பது 5 விழுக்காட்டு அசைக்ளோவிர் களிம்பு. அம்மருந்தின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். வைரசுக்கே உரிய நொதி ஒன்றுதான் மருந்தைச் செயலூக்கப்படுத்துகிறது. பின்னர் அதுவே வைரசின் மரபுப்பொருள் பெருகுவதைத் தடுக்கிறது. ஆகவே வைரஸ் பெருகும் தொடக்க வேளையில்தான் அதற்கு வேலை. நான்கு மணிக்கு ஒருமுறையாக நாளுக்கு ஐந்து முறை தடவினாலும் குணமாகும் காலம் அரைநாள் முதல் ஒரு நாள்வரையே குறைகிறது. பொருக்குத் தட்டிய பின் வாங்கித் தடவியவர் 'இந்தக் களிம்பு வீண்' என்று சொன்னால் அவரைக் குறைசொல்ல இயலாது.

இங்குதான் மொழியியலாளருக்கு வேலை இருக்கிறது எனக் கருதுகிறேன். நம் பெயர்கள் யாவும் கொப்புளத்தைச் சுட்டுகின்றன. மருந்தோ கொப்புளத்திற்கு முந்தைய உணர்வைக் கேட்கிறது. அவ்வுணர்வுக்கான சொற்களும் நம்மிடம் உண்டு: தமிழில் குறுகுறுப்பு, நமநமப்பு, இந்தியில் ஜுன்ஜுனி, வங்காளத்தில் சிர்சிர். இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழிக்குடும்ப எல்லைகளைக் கடந்து இந்திய மொழிப்பரப்பு முழுவதும் காணப்படுவதை எமனோ 1969இல் விரிவாக எழுதினார். ஆய்வேடுகளில் நாம் மேற்கோள் காட்டும் அப்பொதுமை, ஒரு மருந்துக் கடைச் சுவரில் எழுதப்பட்டால் என்ன? 'உதட்டில் குறுகுறுத்தால் அப்போதே தடவுக' என்ற ஒரு வரி போதும். வெயில் இதனைத் தூண்டுவதால், நாள்முழுதும் கடலில் நிற்கும் மீனவர்க்கு அவ்வரி பெரிதும் உரியது.

அதனடியில் இன்னொரு வரியும் வேண்டும். அது களிம்பைவிட முதன்மையானது. கொப்புளம் உள்ளவர் பச்சிளங்குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இத்தொற்று உயிராபத்தாகலாம். கண்ணில் வலியோ சிவப்போ தோன்றினால் உதட்டுக் களிம்பைக் கண்ணில் இடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகத் தடவுவதும் தீங்கு.

தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் இக்குறுகுறுப்பை எவ்வாறு சொல்வர் என்பதை அறிந்தோர் பின்னூட்டத்தில் எழுதுக. அகராதிச் சொல் வேண்டா; வீட்டில் பாட்டி சொல்லும் சொல்லே வேண்டும்.