கூரை இல்லாத காடி



சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "சார், ஈப்போவில ஒரு மோரிஸ் மைனர் காடி விலைக்கு வருது. கூரையை மடக்கிப் போடலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்றான்.

பணம் யாருடையது என்று கேட்டேன். முப்பது வருடம் பால் மரம் வெட்டிய தகப்பனாரின் சேமநிதி! என் அப்பாவின் மைனரை ஓட்டிப் பழகியவன் நான்; மறுக்க முடியுமா? மறுநாளே புறப்பட்டோம்.

போனதும் இஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நாம் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளப்பும்போது அது படுத்தும் பாடு நமக்குத் தெரியாது. பிறகு கிராண்டில் உள்ள சேஸி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் காரோடு ஒப்பிட்டோம். அவை சரியாகவே இருந்தன.

சாயம் பளபளத்தது. தம்பிக்கு அதிலேயே கண். நான் தரையில் படுத்து அடியைப் பார்த்தேன். மூடிய காரில் உடம்பைத் தாங்குவதில் கூரைக்கும் பங்குண்டு. 1948 முதல் 1969 வரை இங்கிலாந்தில் திறந்த மைனர்களைச் செய்தபோது, கூரை இல்லாத குறைக்குக் கூடுதல் இரும்பு வைத்துப் பலப்படுத்தினார்கள். சாதாரணக் காரின் கூரையைப் பின்னால் வெட்டி எடுத்தவர்கள் எல்லாரும் அப்படிச் செய்ததில்லை. அடிப்பலகைத் தகடும் கதவுக்குக் கீழே உள்ள தகடும் துருப்பிடித்தால், எந்தத் திறந்த காரும் நடுவில் தொய்ந்துவிடும்.

இதற்கு ஒரு சோதனை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தோம், நன்றாக மூடியது. மூவரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். இப்போது திற என்றேன். கதவு அசையவில்லை! பெரியவர் மேல் வழியாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

முன் சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் அடிமூட்டில் திருகு மரை உண்டு. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து கழன்று, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரமே மடங்கிவிடும். மணப்பெண்ணை ஏற்றிச் செல்லும் வண்டி, யோசித்துப் பாருங்கள்.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்றேன். முன்பணம் கொடுத்தால்தான் சாவி என்றார் விற்பவர். ஓட்டாமல் எப்படி வாங்குவது? இறக்கத்தில் காலை எடுத்தால் இரண்டாம் கியர் தானாகக் கழல்கிறதா, மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதெல்லாம் சாலையில்தான் தெரியும். (ஓடும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கும். மைனரின் குணமே அது, பழுதல்ல.)

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பணப்பையை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். தம்பிக்கு என்மேல் கொஞ்சம் வருத்தந்தான். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை.

நேற்று மறுபடியும் வந்தான். தைப்பிங்கில் இன்னொரு மைனர் இருக்கிறதாம். "காந்தக்கல் இருந்தா குடுங்க சார், தகடு எது, பூச்சு எதுன்னு பார்க்கணும்" என்றான். பள்ளியின் அறிவியல் பெட்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.