முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் யார்?

எமது பிரதேசத்தில் திருமணம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் கடந்தும் பிள்ளை இல்லையென்றால் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று அலைபவள் பெண்தான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்து வரும் சம்மாந்துறை, கல்முனை ஊர்களிலும் அந்த வீட்டுக்குள்ளேயே "மலடி" என்ற சொல் அவளைத் தேடி வருகிறது. மாப்பிள்ளையின் விந்துப் பரிசோதனை கடைசியில்தான். சில குடும்பங்களில் இரண்டாவது நிகாஹ் பேச்சு அதையும் முந்திவிடுகிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பக்கமும் காரணம் உண்டு என்பது வைத்திய உலகில் பழைய செய்தி.

விந்தணு ஒன்றுகூட அசையவில்லை என்று அறிக்கை வந்தால் மனிதர் இடிந்து போகிறார். ஆனால் அசையாததெல்லாம் செத்ததல்ல. வாலின் அமைப்பில் பிறவிக் குறை இருந்தால் உயிருள்ள அணுவும் நீந்தாது. உப்புச் செறிவு குறைந்த கரைசலில் இட்டால் உயிருள்ளதன் வால் வீங்கிச் சுருளும். அதைத் தெரிவு செய்து ஊசி மூலம் முட்டைக்குள் நேரே செலுத்துவதே 'இக்ஸி' முறை. 1992இல் பிரசல்ஸ் வைத்தியர்கள் இதன் மூலம் உண்டான முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். வெளிவந்த அணுக்கள் இறந்திருந்தால் விதையிலிருந்தே எடுக்கவும் முடியும். பிறவிக் குறையுள்ள சிலருக்கு நாட்பட்ட சளியும் இருமலும் இருக்கும். சொந்தத்துக்குள் மணமுடித்தவர்கள் இதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது.

"இது ஹராம்தானே?" என்போருக்கு: 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி ஏழு வழிகளை ஆராய்ந்து ஐந்தை விலக்கியது. கணவனின் விந்து, மனைவியின் முட்டை, மனைவியின் கருப்பை என்ற எல்லைக்குள் அமைந்த இரண்டைத் தேவையின்போது அனுமதித்தது. மாற்றான் விந்துக்கோ வாடகைத் தாய்க்கோ அதில் இடமில்லை. மாதிரி மாறிவிடாதிருக்க என்ன ஏற்பாடு என்று வைத்தியசாலையில் கேட்பது தம்பதியரின் உரிமை. எங்கள் ஆட்கள் கூச்சத்தில் கேட்பதில்லை.

கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். செலவோ பல இலட்சம். ஒரே தடவையில் பலிக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. மனைவியின் வயது ஏற ஏற வாய்ப்புக் குறைகிறது. அவளை மட்டும் சோதித்துக் கழித்த வருடங்களின் நட்டம் அங்கேதான் தெரியும்.

முதல் பரிசோதனைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, வீட்டில் எடுத்த மாதிரியை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் நல்ல அணுவும் அசையாததாகத் தெரியும். எனவே ஒரு அறிக்கையோடு முடிவெடுக்காமல் மறுபடியும் செய்ய வேண்டும். சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்குப் போய்ச்சேர அந்த நேரம் தாராளம்.